காயலான் கடை டீசல் இன்ஜின் எந்தக் காருடையது? 1.3 மல்டிஜெட் ரகம் கண்டுபிடிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு டிசையரின் இன்ஜின் ஆயில் இல்லாமல் ஓடிப் பிடித்துக்கொண்டது. புது இன்ஜினுக்குச் சொன்ன விலையில் இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம். ஆகவே காயலான் கடை. கடைக்காரர் ஓர் இன்ஜினைக் காட்டி, "தம்பி, இது ஸ்விஃப்ட் இன்ஜின்தான், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டேதான் எடுத்துவந்தேன். கரி மண்டிய கைகளோடு எங்கள் மெக்கானிக் அண்ணன் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கம் குனிந்து டர்போவை (புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் பாகம்) பார்த்துவிட்டு, "இது நம்ம வண்டி இன்ஜின் இல்ல" என்றார். அன்று தொடங்கிய தேடலில் தெரிந்துகொண்டதும், அதன்பிறகு தெரிந்தவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதும் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம்.

இத்தனை இன்ஜின் இருக்க, ஸ்விஃப்டிலும் டிசையரிலும் இருக்கும் இந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் மட்டும் ஏன்?

இவ்வளவு குழப்பம் வேறு எந்த இன்ஜினிலும் இல்லை. ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டு வைத்திருந்த காலத்தில் உருவானது இது. 2003இல் போலந்தின் பீல்ஸ்கோ-பியாவா ஆலையில் உற்பத்தி தொடங்கியது. இந்தியாவில் மாருதிக்காக மானேசரிலும், ஃபியட், டாடா கார்களுக்காகப் புனே அருகே ரஞ்சன்காவிலும் செய்தார்கள். 2007 ஜனவரியில் ஸ்விஃப்ட் டீசல் வந்தது. அதன்பின் மாருதி, டாடா, ஃபியட், ஷெவர்லே, பிரீமியர் என்று ஐந்து பெயர்ப்பலகைகளின் கீழ் இதே இன்ஜின் ஓடியது. மாருதிக்கு டிடிஐஎஸ், டாடாவுக்கு குவாட்ராஜெட், ஃபியட்டுக்கு மல்டிஜெட், ஷெவர்லேவுக்கு ஸ்மார்டெக். உள்ளே இருப்பது அதே நாலு சிலிண்டர், 16 வால்வு, டைமிங் செயின், 1248 சிசி. கார் பத்திரிகைக்காரர்கள் இதை இந்தியாவின் 'தேசிய டீசல் இன்ஜின்' என்று கிண்டலாகச் சொல்வதுண்டு.

குடும்பம் ஒன்று என்பதால் பார்வைக்கு எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். திறன் ஒன்றல்ல. பெரும்பாலும் இரண்டு ரகம்: 75 குதிரை, 90 குதிரை. (தமிழில் எழுதினால் குதிரைத்திறன் அலகும் 'பிஎஸ்', புகை விதியும் 'பிஎஸ்' என்று வந்து உயிரை எடுக்கிறது. அதனால் இங்கே குதிரை என்றால் திறன், பிஎஸ் என்றால் புகை விதி.)

எந்தக் காரில் எந்த ரகம்?

மாருதியில் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், பலேனோ ஆகியவை 75. எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ், எஸ்-கிராஸ், விட்டாரா பிரெஸ்ஸா ஆகியவை 90. டாடாவில் இண்டிகா விஸ்டா பெரும்பாலும் 75, ஆனால் விஸ்டா டி90 என்று ஒன்று தனியாக வந்தது. மான்சா 90, போல்ட் 75. ஜெஸ்டில் அடி மாடலுக்கு 75, மேல் மாடல்களுக்கு 90. ஃபியட் புன்டோவில் இரண்டும் உண்டு. லினியா 90 ரகம். ஷெவர்லே செயில் இந்த இரண்டிலும் சேராமல் 78 என்று தனியாக நிற்கும்.

மாருதியின் பிந்தைய கார்களில் 'டிடிஐஎஸ் 190', 'டிடிஐஎஸ் 200' என்று பெயர் இருக்கும். அந்த எண் குதிரை அல்ல, டார்க், அதாவது சுழற்றும் விசை. 75 குதிரை இன்ஜினுக்கு 190 நியூட்டன் மீட்டர், 90 குதிரைக்கு 200. எஸ்-கிராஸில் 'டிடிஐஎஸ் 320' என்றும் ஒன்று வந்தது. அது 1.6 லிட்டர், வேறு இன்ஜின். அதை 1.3 என்று யாராவது தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியில் பெயர் இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?

அந்த மூடி கையால் இழுத்தாலே வந்துவிடும். எந்த இன்ஜின்மேலும் எதையும் மாட்டலாம். மூடி, ஆயில் ஃபில்லர் கேப், வயரிங், ஆல்டர்னேட்டர் எல்லாம் கடையில் ஆளுக்கு ஒன்றாகக் கழற்றி விற்கப்படுபவை. ஒன்றில் குறைந்தால் இன்னொன்றில் இருந்து எடுத்து மாட்டுவார்கள். அது மோசடி என்றுகூடச் சொல்ல முடியாது, அவர்கள் பிழைப்பே அதுதான்.

ஆகவே நான் பார்க்கும் வரிசை இது: எது கழற்றவே முடியாததோ அதை முதலில் நம்பு, எது ஸ்பேனர் இல்லாமல் கழலுமோ அதைக் கடைசியில் நம்பு. அதாவது பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம்) பஞ்ச் அடித்த நம்பர், பிறகு ஹெட் (அதை மூடும் மேல்பாகம்), பிறகு டர்போவும் மேனிஃபோல்டும், பிறகு இன்ஜெக்டரும் பம்பும். இவை எல்லாம் ஒரே கதையைச் சொன்னால் அந்தக் கதை பெரும்பாலும் உண்மை. நாலும் நாலு கதை சொன்னால் அது ஓர் இன்ஜினே அல்ல, நாலு இன்ஜினின் மிச்சம்.

இன்ஜின் நம்பர் எங்கே இருக்கும்?

பெரும்பாலும் பிளாக்கில் கியர்பாக்ஸ் வந்து சேரும் முகத்துக்கு அருகே, மெஷினில் மட்டமாக வழித்துவிட்ட ஒரு சிறு பட்டையில். கடையில் கிடக்கும் இன்ஜினில் அந்த இடம் கண்ணுக்கே தெரியாது. மண்ணும் ஆயிலும் சேர்ந்து கெட்டி மெழுகாகப் படிந்திருக்கும். ஒரு பழைய பெயின்ட் பிரஷ், கொஞ்சம் டீசல், ஒரு வேஸ்ட் துணி கொண்டுபோங்கள். வயர் பிரஷ்ஷோ எமரித்தாளோ வேண்டாம். நம்பர் மேல் கீறல் விழுந்தால் நாளைக்கு ஆர்டிஓ ஆபீசில் கேட்கிற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்லணும்.

துடைத்த பிறகும் படிக்க வரவில்லை என்றால், லோன் போடும்போது ஏஜென்ட் சேஸிஸ் நம்பர் பிரின்ட் எடுப்பாரே, அதே வித்தைதான். நம்பர் மேல் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து, செல்லோடேப்பை ஒட்டி அழுத்தி உரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். செல்போன் டார்ச்சை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலும் பள்ளங்களில் நிழல் விழுந்து தெரியும்.

பிளாக் முழுக்க எண்களாக இருக்கிறதே, எது இன்ஜின் நம்பர்?

விரலால் தடவிப் பாருங்கள். முட்டிக்கொண்டு நிற்கும் எண் வார்ப்பில் வந்தது. பள்ளமாக இருப்பது பிறகு பஞ்ச் அடித்தது. உங்களுக்கு வேண்டியது பள்ளம்.

வார்ப்பு எண்ணைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் 55 என்று தொடங்கும் எட்டிலக்க எண்கள் நிறையக் கண்ணில் படும். அவை ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக வைத்த பாக எண்கள். அது அந்தப் பாகத்தின் பெயரே தவிர இன்ஜினின் பெயர் அல்ல. ஒரே வார்ப்பு பல ரகங்களுக்குப் போயிருக்கும்.

வார்ப்பில் உருப்படியான தகவல் ஒன்று உண்டு. அலுமினியப் பாகங்களில் கடிகாரம் மாதிரி ஒரு சின்ன வட்டமும் அதற்குள் அம்புக்குறியும் தெரிந்தால் அது வார்த்த மாதத்தையும் ஆண்டையும் காட்டுகிறது. இன்ஜின் 2016 என்று சொல்கிறார்கள், ஹெட்டிலோ மூடியிலோ வட்டம் 2010 என்கிறது என்றால் நடுவில் எதையோ மாற்றியிருக்கிறார்கள்.

நம்பர் டி13ஏ என்று தொடங்குகிறது. 75ஆ, 90ஆ?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே. பதில்: அதை வைத்துச் சொல்ல முடியாது.

டி13ஏ என்பது மாருதிக்காகச் செய்த 1.3 டீசல் என்று மட்டும்தான் சொல்கிறது. ஸ்விஃப்டிலும் அதே டி13ஏ, எர்டிகாவிலும் அதே டி13ஏ. கடைக்காரரும் அந்த நாலு எழுத்தைக் காட்டித்தான் என்னிடம் "பாருங்க தம்பி, ஸ்விஃப்ட்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பாதி சொன்னார்.

மீதிப் பாதி அதன்பின் வரும் வரிசை எண்ணில் இருக்கிறது. அது எந்தக் காருக்குப் போனது என்று தெரிந்தால் ரகம் தெரிந்துவிடும். அதற்குச் சுருக்கு வழி, இன்ஜின் இறங்கிய காரின் ஆர்.சி. நகலைக் கேட்பதுதான். ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர், மாடல், தயாரித்த மாதம் எல்லாம் இருக்கும். விபத்தில் நசுங்கிய காரை முறையாக வாங்கி உடைத்த கடையில் அந்தக் காகிதம் இருக்கும். "அதெல்லாம் எதுக்கு தம்பி" என்ற பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஃபியட், டாடா வழியில் வந்ததாக இருந்தால்?

ஃபியட் தன் இன்ஜின்களுக்கு மூன்று எண், ஒரு எழுத்து, பிறகு எண்கள் என்று குறி வைக்கும். ஐரோப்பிய ஃபியட் கார்களில் 188ஏ9.000 என்பது முதலில் வந்த 70 குதிரை, 199ஏ2.000 என்பது 75, 199ஏ3.000 என்பது 90. இங்கே குறியே ரகத்தைச் சொல்லிவிடுகிறது. ஓப்பல் கார்களில் அதே இன்ஜினுக்கு இசட்13டிடி (70), இசட்13டிடிஜே (75), இசட்13டிடிஎச் (90) என்று பெயர். கடைசி எழுத்து ஒன்று மாறினால் டர்போவே மாறிவிடுகிறது.

டாடாவில் ஒரு பொறி உண்டு. இண்டிகா விஸ்டாவில் மல்டிஜெட் மட்டும் வரவில்லை, டாடாவின் சொந்த 1.4 டீசலும் வந்தது. அதன் நம்பர் 475ஐடிஐ என்று தொடங்கும். 'விஸ்டா டீசல் இன்ஜின்' என்று மட்டும் சொல்லி விற்றால் அந்த மூன்று இலக்கத்தை முதலில் பாருங்கள். 475 என்றால் அது வேறு வம்சம். ஒரு நட்டுகூடப் பொருந்தாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டர்போவைப் பார்த்து எப்படிச் சொல்வது?

75க்கும் 90க்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் பெரிய வித்தியாசம் இதுதான். எங்கள் மெக்கானிக் அண்ணன் பார்த்ததும் இதைத்தான்.

75 குதிரையில் இருப்பது சாதாரண டர்போ. காற்றழுத்தம் எல்லை மீறினால் புகையை வேறு வழியாகத் திறந்துவிடும் ஒரு சின்னக் கதவு, அதாவது வேஸ்ட்கேட், இருக்கும். 90 குதிரையில் இருப்பது விஜிடி. டர்பைன் சக்கரத்தைச் சுற்றி ஜன்னல் பலகைகள் மாதிரிச் சின்னத் தகடுகள் நிற்கும். வேகம் குறைவாக இருக்கும்போது அவை இடுக்கிக்கொண்டு புகையை விசையாகப் பாய்ச்சும், வேகம் கூடக்கூட விரியும்.

இரண்டிலும் வெளியே குட்டிச் சொம்பு மாதிரி ஒரு ஆக்சுவேட்டரும் அதிலிருந்து ஒரு கம்பியும் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் இரண்டு இடத்தில். முதலாவது ஓஸ். சாதாரண டர்போவில் அந்தச் சொம்புக்குப் போகும் ஓஸ் டர்போவின் காற்றுப் பக்கத்திலிருந்தே வரும், அதாவது அழுத்தத்தில் வேலை செய்கிறது. விஜிடியில் ஓஸ் ஒரு சாலினாய்டுக்கும் (மின்சாரத்தில் திறந்து மூடும் சின்ன வால்வு) அங்கிருந்து வேக்குவம் லைனுக்கும் போகும், அதாவது உறிஞ்சலில் வேலை செய்கிறது. இரண்டாவது, கம்பி போய்ச் சேரும் இடம். விஜிடியில் அது ஒரு கைப்பிடி மாதிரியான லீவரைத் திருப்பும். லீவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுக்க ஒரு சின்ன ஸ்டாப் ஸ்க்ரூ இருக்கும், அதன்மேல் கம்பெனி வைத்த பெயின்ட் புள்ளியும் பல சமயம் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்சும் ஒரு அடி ரப்பர் டியூபும் வாங்குங்கள். ஆக்சுவேட்டர் முனையில் டியூபைச் செருகி சிரிஞ்சின் தண்டைப் பின்னால் இழுங்கள். கம்பி உள்ளே இழுபட்டு லீவர் திரும்பினால் விஜிடி. இழுத்த நிலையிலேயே பத்து எண்ணும்வரை நின்றால் ஆக்சுவேட்டரின் டயஃப்ரமும் நன்றாக இருக்கிறது. இழுத்தால் அசையாமல், தண்டை உள்ளே அழுத்தும்போது மட்டும் அசையப் பார்த்தால் வேஸ்ட்கேட். அதன் ஸ்பிரிங் கடினமானது, சிரிஞ்சு அழுத்தத்துக்குப் பெரிதாக நகராது. நாங்கள் அன்று செய்தது இதுதான். லீவர் வழவழவென்று திரும்பியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டர்போவின் சிறு தகட்டில் போர்க்வார்னர் என்றும் கேபி35 என்றும் இருந்தால் சாதாரணம், பிவி35 என்று இருந்தால் விஜிடி. தகடு பெரும்பாலும் உதிர்ந்திருக்கும் அல்லது கரியில் மறைந்திருக்கும். அதனால்தான் சிரிஞ்சு.

டர்போவையே கழற்றிவிட்டு வெறும் இன்ஜினாக விற்கிறார்களே?

டர்போவுக்குத் தனி விலை கிடைப்பதால் அப்படித்தான் நிறைய வரும். அப்போது வேக்குவம் லைன் எங்கெல்லாம் ஓடுகிறது, சாலினாய்டு மாட்டிய பிராக்கெட்டின் போல்ட் ஓட்டையில் சமீபத்தில் போல்ட் இருந்த பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் விஜிடி இருந்திருக்கலாம்.

அடுத்தது இன்ஜெக்டர். தலையைத் துடைத்தால் பாஷ் கம்பெனியின் பத்திலக்க எண் தெரியும். காமன் ரெயில் இன்ஜெக்டரில் அது 0 445 110 என்று தொடங்கும். கடைசி மூன்று இலக்கத்தைக் குறித்துக்கொண்டு உதிரிபாகப் பட்டியலில் தேடினால் எந்தெந்தக் கார்களுக்கு அது போனது என்று வரும். நாலு இன்ஜெக்டரிலும் ஒரே எண் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் ஒன்றில் வேறும் இருந்தால் கடையில் யாரோ 'செட்' சேர்த்திருக்கிறார்கள். அதே தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த இன்னொரு சிறு குறியீடும் பொறித்திருக்கும். அது ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனி. பின்னால் இசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஏற்ற வேண்டிவரும், இப்போதே போட்டோ எடுத்துவையுங்கள்.

மூன்று சிலிண்டர்தான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

அது ஷெவர்லே பீட் டீசலின் 936 சிசி. இதே இன்ஜினில் ஒரு சிலிண்டரை வெட்டியது மாதிரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மல்டிஜெட்டின் போர் (சிலிண்டரின் விட்டம்) 69.6 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 82. ஒரு சிலிண்டர் 312 சிசி. நாலால் பெருக்கினால் 1248, மூன்றால் பெருக்கினால் 936. ஹெட் கழற்றிய இன்ஜின் கையில் இருந்தால் வெர்னியரால் போரை அளந்தாலே குடும்பம் தெரிந்துவிடும். 70ஐத் தாண்டி அளவு வந்தால் வேறு இன்ஜின் அல்லது ஓவர்சைஸ் போரிங் போட்டது.

ஆல்டர்னேட்டர் இடத்தில் பெரிதாக ஏதோ இருக்கிறது, பெல்ட் டென்ஷனரும் வித்தியாசமாக இருக்கிறது.

எஸ்எச்விஎஸ் (மாருதியின் சிறு ஹைபிரிட் ஏற்பாடு) காரிலிருந்து வந்திருக்கும். 2015இல் சியாஸிலும் எர்டிகாவிலும் மாருதி அதை டீசலில் கொடுத்தது. ஆல்டர்னேட்டரே ஸ்டார்ட்டர் வேலையும் செய்யும், முடுக்கும்போது கொஞ்சம் தள்ளியும் விடும். உங்கள் வண்டி சாதாரண ஸ்விஃப்ட் என்றால் பழைய இன்ஜினில் இருந்த ஆல்டர்னேட்டர், பிராக்கெட், டென்ஷனர் எல்லாவற்றையும் இதற்கு மாற்ற வேண்டும். ஆனால் ரகம் கண்டுபிடிக்க இது நல்ல சாட்சி. எஸ்எச்விஎஸ் என்றால் 90.

'பிஎஸ்6 இன்ஜின், புதுசு மாதிரி' என்கிறார்கள்.

பிஎஸ்6 விதி வந்தது 2020 ஏப்ரல் 1. அதோடு மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. பிஎஸ்6 தரத்தில் 1.3 மல்டிஜெட் கார் இந்தியாவில் விற்கப்படவே இல்லை. சொன்னவர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பது உங்கள் முடிவு. பிஎஸ்3, பிஎஸ்4 மட்டும்தான் இருக்கும். சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் 2010இலேயே பிஎஸ்4 வந்துவிட்டது, நாடு முழுக்க 2017 ஏப்ரலில்.

90 குதிரை இன்ஜினை 75 குதிரை வண்டியில் போட்டால் லாபம்தானே?

இப்படிக் கேட்காதவரே இல்லை. இன்ஜின் தானாக 90 ஆவதில்லை, இசியூ அதை 90 ஆக்குகிறது. 75 வண்டியின் இசியூவுக்கு விஜிடி சாலினாய்டை எப்படி ஆட்டுவது என்றே தெரியாது. தகடுகள் ஒரே நிலையில் நிற்கும். இழுவை இருக்காது, அல்லது அழுத்தம் மிஞ்சிப்போய் செக் இன்ஜின் விளக்கு எரிந்து வண்டி லிம்ப் மோடுக்கு (திறனைக் குறைத்து மெதுவாக மட்டும் ஓடவிடும் நிலை) போய்விடும். 90 வண்டியின் இசியூவையும் கொண்டுவருகிறேன் என்றால் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு), சாவி, மீட்டர், வயரிங் என்று வால் நீளும். கிளட்ச்சும் கியர்பாக்ஸும் வேறு கேள்வி.

மாருதியிலிருந்து ஃபியட்டுக்கோ டாடாவுக்கோ மாற்றுவது இன்னும் தலைவலி. பிளாக் சொந்தக்காரன்தான். ஆனால் ஆயில் பான், மவுண்டிங் பிராக்கெட், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் எல்லாம் காருக்குக் கார் மாறும். பணம் கொடுக்கும்முன் உங்கள் பழைய இன்ஜினின் கியர்பாக்ஸ் முகத்தை ஒரு அட்டையில் பென்சிலால் வரைந்து, போல்ட் ஓட்டைகளைக் குத்தி எடுத்துப்போங்கள். கடையில் அதை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை.

நம்பர் அரைக்கப்பட்டிருந்தால்?

எடுக்காதீர்கள். பேரம் பேசாதீர்கள், திரும்பிவிடுங்கள். நம்பர் இருக்கும் பட்டையில் மெஷின் ஓட்டிய மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஒரே சீராக ஓடும். நடுவில் மட்டும் வழவழப்பாகவோ கிரைண்டர் வட்டமாகவோ தெரிந்தால், எண்களின் ஆழமும் இடைவெளியும் ஒன்றுக்கொன்று மாறினால், யாரோ கை வைத்திருக்கிறார்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 317. தெரியாமல் வாங்கினேன் என்று நிரூபிக்கும் அலைச்சல் உங்களுடையது. உத்தரப்பிரதேசத்தில் மீரட்டின் சோத்திகஞ்ச் சந்தை திருட்டு வண்டிகளை உடைத்து விற்பதற்கே பேர்போனது, 2021 டிசம்பரில் போலீஸ் அதை மூடியது. நம்மூர் புதுப்பேட்டையில் நேர்மையாகப் பில் போட்டுக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. கடை எது என்பதைவிடப் பில்லில் இன்ஜின் நம்பர் எழுதித் தருகிறார்களா என்று பாருங்கள்.

இன்ஜின் மாற்றினால் ஆர்.சி.யில் மாற்ற வேண்டுமா? யார் பார்க்கப்போகிறார்கள்?

எஃப்.சி.யில் பார்ப்பார்கள், விற்கும்போது பார்ப்பார்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் கட்டாயம் பார்ப்பார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி இன்ஜின் மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பில், பழைய ஆர்.சி., இன்ஜின் நம்பர் பிரின்ட் எல்லாம் வேண்டும். மாற்றுவதற்கு முன்பே உங்கள் ஆர்டிஓ ஆபீசில் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. வேறு ரகம் என்றால் கேள்விகள் கூடும். ரகத்தை முதலிலேயே கண்டுபிடி என்று நான் அடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரகம் சரி. இன்ஜின் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

அது தனிப் பக்கத்துக்கான விஷயம். ஒன்று மட்டும்: கிராங்க் புல்லியில் சாக்கெட் போட்டுக் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது இரும்பு இரும்பில் தட்டி நின்றால் விட்டுவிடுங்கள். இந்த இன்ஜினில் செயின் பல் தாண்டினால் ராக்கர் ஆர்ம்கள் உடையும். உடைந்த துண்டு உள்ளே எங்கே கிடக்கிறது என்று தேடும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

எங்களிடம் இருப்பது மல்டிஜெட்டே அல்ல என்றால்?

வழி அதேதான், எழுத்துகள் மாறும். ரெனோ 1.5 டீசலில் கே9கே என்ற பெயருக்குப் பின் வரும் மூன்று இலக்கம் ரகத்தைச் சொல்லும். குடும்பப் பெயரோடு நிற்காமல் அதையும் பாருங்கள். லோகன், டஸ்டர், மைக்ரா, சன்னி என்று அதுவும் ஊரெல்லாம் உறவு வைத்த இன்ஜின்தான். அதற்கு டைமிங் செயின் கிடையாது, பெல்ட்.

கடைசியில் உங்கள் டிசையர் என்ன ஆனது?

கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். ஆர்.சி. நகல் மட்டும் இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார்: எர்டிகா. எங்கள் மெக்கானிக் அண்ணன் பழைய இன்ஜினிலிருந்து டர்போ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், நாலு இன்ஜெக்டர், ரெயில், சென்சார்கள், வயரிங் எல்லாவற்றையும் இறக்கி அந்த பிளாக்கில் ஏற்றினார். பழைய இன்ஜெக்டர்களே வந்ததால் இசியூவில் குறியீடு ஏற்றும் வேலை மிச்சம். நாலு நாள் வேலை, ஆயில் ஃபீட் பைப் ஒன்றுக்காக அரை நாள் அலைச்சல். பிளாக் எர்டிகா, மீதி டிசையர், 75 குதிரைதான் ஓடுகிறது. கழற்றிய விஜிடி டர்போவை எர்டிகா வைத்திருக்கும் ஒரு டாக்சிக்காரர் வாங்கிப்போனார். வாங்கும்முன் அவரும் ஒரு சிரிஞ்சோடுதான் வந்திருந்தார்.